அஞ்சு வெள்ளி அப்புறம்

ஒரு மலையின் விலை ஐந்து வெள்ளி.

வெறும் மலை மட்டும் இல்லை... அதன் தலையில் சுற்றியிருந்த மேக முண்டாசு, இடுப்பில் வழிந்த அருவி, பெயர் தெரியாத பறவைகளின் கூச்சல், கிளைக்குக் கிளை தாவும் குரங்குக் குடும்பங்கள், மூச்சில் ஏறுகிற பச்சை வாசனை... எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஐந்து வெள்ளி. கோலாகுபு பாருவைத் தாண்டி, காட்டு வாசலில் இருந்த சின்னக் கூண்டில் அப்படித்தான் எழுதிப் போட்டிருந்தார்கள்.

லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. கிள்ளானில், காப்பார் சாலையில் ஆட்டுக்கொட்டகை வைத்திருக்கும் தம்புசாமியின் இளைய மகள் அவள். பேரம் பேசும் சத்தத்தையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள். ஆட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்தால் போதும், எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவாள். 'இந்த மலைக்கு விலை வெச்சவன் எவனோ... நம்ம கொட்டகையில ஒரு நாள்கூட உக்கார முடியாது' என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு முன்னால் ஒருவன் வரிசையை அடைத்துக்கொண்டு நின்றான். உயரம். ஒல்லி. எல்லாரும் மழைக்கோட்டும் முதுகுப்பையுமாக வந்திருக்க, இவன் தோளில் நீலக்கரை போட்ட ஒரு பருத்தித் துண்டு. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாமிக்குக் கற்பூரம் காட்டுவதுபோல் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். லைன் கிடைக்கவில்லை. அவன் காசெல்லாம் கைப்பேசிக்குள்.

பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். லோகேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. தன் நோட்டோடு இன்னொரு ஐந்தையும் சேர்த்துக் கூண்டுக்குள் நீட்டினாள்.

"போங்க போங்க, நான் கட்டிட்டேன். அஞ்சு வெள்ளி அப்புறம் குடுங்க."

அவன் திரும்பினான். கண்கள்... மழைக்கு முன்னால் இருண்டு கிடக்கும் குளம்போல, அப்படி ஒரு கருமை. அந்தக் கருமையில் இப்போது குழப்பம் மிதந்தது.

"ரொம்ப நன்றிங்க. ஆனா அஞ்சு வெள்ளி எதுக்குங்க? இன்னைக்கே குடுத்துடறேன்."

"அதான் லா நானும் சொல்றேன். அஞ்சு வெள்ளி அப்புறம் குடுங்க."

"அவ்ளோ நாள் வேணாங்க... ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுமே!"

லோகேஸ்வரியின் முகம் சிவந்தது. 'காசையும் கட்டிவிட்டு இவனிடம் கிண்டல் வேறு வாங்க வேண்டுமா?' வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற அவள் தோழி தாமரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அலாமாக்! லோகா... அவரு வெள்ளிக்கிழமைன்னு நெனச்சிட்டாரு லா!"

வரிசை மொத்தமும் சிரித்தது. ரிங்கிட்டை வெள்ளி என்பதுதான் மலேசியத் தமிழ் வாய்க்குப் பழக்கம். அது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் காது மடல் இரண்டும் மிளகாய்ப்பழமாகிவிட்டன.

"மன்னிச்சுக்குங்க... ஊர்லேர்ந்து வந்து எட்டு நாள்தான் ஆகுது. பெர்மிட்டுல வந்திருக்கேன்."

ஊர். பெர்மிட். அந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் லோகேஸ்வரியின் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் அக்கா புஷ்பவல்லியும் இப்படித்தான் ஒருவனைப் பார்த்தாள். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு, கடல் தாண்டி ஊரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். கல்யாணம் ஆகி ஒரு வருடத்தில், "பத்தே நாள்ல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். ஆறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் வாசல் கேட் கிரீச்சிட்டால் போதும்... அக்கா அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

'இந்தச் சரக்கு நமக்கு வேண்டாம்' என்று லோகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

ஆனால் அந்தச் சரக்கு பின்னாலேயே வந்தது. பெயர் பக்தவத்சலம். ("பேரே ரெண்டு கிலோ தேறும் போல" என்றாள் தாமரை.) பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை, பிரிக்பீல்ட்ஸில் மூன்று பேரோடு ஓர் அறை. மலைக்குக் கூட்டிவருவதாகச் சொன்ன நண்பன் காலையில் தூங்கிவிட்டதால், ஆள் தெரியாத கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தவன்.

வழிகாட்டியாக வந்தவர் பீடின். மலையடிவாரக் கிராமத்தில் வாழும் தெமுவான் பூர்வகுடி மனிதர். புறப்படும் முன் மலாயில் இரண்டே விதிகள் சொன்னார். காட்டுக்குள் கத்தக்கூடாது. விலங்கைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. சிரித்தால் இடி இறங்கும். திரும்பி வந்ததும் தன் வீட்டில் மூங்கிலில் வேகவைத்த சோறு உண்டு என்றார். சோற்றைப் பற்றிச் சொன்னதுதான் எல்லார் காதிலும் நன்றாக விழுந்தது.

பாதை செங்குத்தாக ஏறியது. ஈர இலைகள் காலடியில் வழுக்கின. எங்கோ உயரத்தில் ஏதோ ஒரு குரங்குக் கூட்டம் கூவிக் கூவி ஓய்ந்தது. பக்தவத்சலம் நின்று காலுறையைப் பார்த்தான். ஓர் அட்டை நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

"என்னா, பயமா இருக்கா ஊர்க்காரரே?"

"பயமெல்லாம் இல்லீங்க. இது குடிக்கிறது என் ரத்தம். இதுகிட்டயாவது அஞ்சு வெள்ளி வாங்கி உங்க கடனை அடைக்கலாமான்னு பார்க்கறேன்."

சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். முடியவில்லை.

"அது சரி, இந்த துண்டு எதுக்கு? ரெயின்கோட் வாங்க காசு இல்லையா?"

"எங்கப்பா குடுத்ததுங்க. கூடவே வெச்சுக்கோன்னாரு." அப்பா என்ன தொழில் என்று அவள் கேட்டதும் அவன் பார்வை சட்டென்று மரங்களின் பக்கம் போனது. "சும்மா... வியாபாரம்தாங்க."

அப்போதுதான் அந்தக் குரங்கு கண்ணில் பட்டது. சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கிளையில் கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்து இவர்களையே பார்த்தது. லோகேஸ்வரிக்குக் கொட்டகைப் புத்தி விழித்துக்கொண்டது. சிரிக்கத்தானே கூடாது? விலை சொல்லலாமே!

"கண்ணாடி போட்டு உக்காந்திருக்காரு பாருங்க... பேங்க்ல லோன் ஆபீசர் மாதிரி! ஆனா எடை இல்ல லா. வெறும் எலும்பு. தோலோட சேர்த்து முந்நூறு வெள்ளிக்கு மேல ஒரு காசு குடுக்க மாட்டேன்."

"முந்நூறு வெள்ளியா? ஆறு வருஷம் ஆகுமேங்க!"

இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். அடுத்த நொடி அவள் நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. ஆறு வருடம்... அக்கா காத்திருந்தது அத்தனை வெள்ளிகளா?

முன்னால் போய்க்கொண்டிருந்த பீடின் நின்றுவிட்டார். திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாகப் பயம் தந்தது. உதடுகள் அவர் மொழியில் ஏதோ முணுமுணுத்தன. கண்கள் மரங்களுக்கு மேலே போயின.

பறவைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நண்பகலில் யாரோ விளக்கைத் தணித்ததுபோல் காடு இருண்டது. பிறகு இடி... மலையின் வயிற்றுக்குள்ளிருந்தே வந்ததுபோல் ஓர் இடி!

"தூருன்! தூருன்!" என்று கீழே கை காட்டினார் பீடின். எல்லாரும் இறங்க ஆரம்பித்தார்கள். மழை தூறவில்லை; கொட்டியது. முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. லோகேஸ்வரி ஒரு வேரில் கால் இடறினாள். கணுக்கால் மடங்கியது. வலியில் கத்த வாய் திறந்தாள்; 'கத்தக்கூடாது' என்ற விதி நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள். கடைசியாக வந்துகொண்டிருந்த பக்தவத்சலம் அவள் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். வெட்கப்பட அப்போது நேரமில்லை.

ஓடைக்கு வந்தபோது காரியம் கைமீறிவிட்டது. காலையில் கூழாங்கல் தெரிய ஓடிய தண்ணீர் இப்போது தே தாரிக் தேநீர் நிறத்தில், மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு பாய்ந்தது. அக்கரையில் மற்றவர்கள். தாமரை வாயைப் பொத்திக்கொண்டு அழுவது தெரிந்தது. பீடின் ஏதோ சொன்னார். தண்ணீர் இரைச்சல் விழுங்கிவிட்டது. அவர் கையால் காட்டினார். அங்கேயே இருங்கள்... நான் மேலே சுற்றிக்கொண்டு வருகிறேன்.

பெரிய மரம் ஒன்றின் அடிவேர்கள் பலகைச் சுவர்போல் எழுந்து நின்றன. இரண்டு வேர்ச்சுவர்களுக்கு நடுவில் ஒண்டிக்கொண்டார்கள்.

"என்னால வந்தது. நான்தான் அந்தக் குரங்குக்கு விலை சொன்னேன்" என்றாள்.

"சிரிச்சது நான்தாங்க. பாதிக்குப் பாதி."

பதில் சொல்ல வாயெடுத்தாள். அவன் விரல் தன் உதட்டின் மேல் போனது. அவன் பார்வை போன திக்கில் அவளும் பார்த்தாள்.

பத்தடி தூரத்தில், மட்கிப்போன ஒரு கட்டையின் பின்னாலிருந்து கரிய உருவம் ஒன்று எழுந்தது. நெஞ்சில் பிறைபோல மஞ்சள் பட்டை. கரடி. அதன் காலடியில் பூனை அளவுக்கு ஒரு குட்டி.

குட்டியோடு இருக்கும் தாய்... ஓர் ஆடு கூட முட்டும், இது கரடி! அது கொக்கி போன்ற நகத்தால் கட்டையை ஒரே இழுப்பில் பிளந்தது. நீண்ட நாக்கை உள்ளே விட்டுக் கரையானை நக்கியது. கட்டை முறிந்த சத்தத்தில் அவள் முதுகெலும்பே முறிந்ததுபோல் இருந்தது. கைகள் உதறின. மழைக்கோட்டு அந்த உதறலில் சரசரத்தது. குட்டி தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தது.

பக்தவத்சலம் மெல்ல, மிக மெல்ல, தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் கைகளின் மேல் போட்டான். துண்டுக்குள் தன் கையை நுழைத்து அவள் கையைப் பிடித்தான். அவன் கையும் நடுங்கியது. அந்த நடுக்கத்தில், பழக்கதோஷம்போல, அவன் விரல்கள் அவளுடைய நாலு விரல்களை ஒன்றுசேர்த்து அழுத்தின.

லோகேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு!

இது வெறும் பிடி இல்லை. இது பாஷை. அவள் அப்பா கொட்டகையில் துண்டு மறைவில் ஆட்டுக்கு விலை பேசும் அதே பாஷை. பிடிக்கிற விரலின் எண்ணிக்கைதான் விலை. சுற்றி நிற்பவனுக்குத் தெரியாது. உள்ளங்கையில் கட்டைவிரலை அழுத்தினால் பேரம் முடிந்தது. கம்ப்யூட்டர்காரனுக்கு இது எப்படி...?

என்ன சரக்கு என்று தெரியாது. சுற்றிலும் மழை, எதிரே கரடி. ஆனால் நாலு என்று ஒருவன் சொன்னால் அப்படியே ஒத்துக்கொள்ள தம்புசாமி மகளுக்கு வராது. அவள் விரல்கள் தானாக நகர்ந்தன. அவனுடைய மூன்று விரல்களைப் பிடித்து அழுத்தினாள்.

அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். அந்தக் கருங்குளக் கண்கள் விரிந்து அவள் கண்களுக்குள் விழுந்தன. கரடியை மறந்த ஒரு நொடி அது... ஒரே ஒரு நொடி. அவன் மறுபடி நாலு பிடித்தான். அவள் மறுபடி மூன்று. பேசிக்கொண்டே இருந்தார்கள். கரடி கட்டையைப் பிளக்கப் பிளக்க, ஒருவர் விரலை ஒருவர் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். எண்ணுகிற கைக்கு நடுங்க நேரமில்லை.

குட்டி இரண்டு எட்டு இந்தப் பக்கம் வைத்தது. மூக்கை உயர்த்தியது. தாய் உறுமியது... ஆழமாக, மண்ணே அதிர்வதுபோல். குட்டி திரும்பி ஓடியது. இரண்டும் புதருக்குள் மறைந்தன. வேரைத் தழுவிய மழை மட்டும் மிச்சம்.

வெகுநேரம் கழித்து, மேட்டிலிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. பீடின்! ஆனால் அவருக்கு இவர்கள் இருக்கும் இடம் தெரியவில்லை. சீழ்க்கை தள்ளித் தள்ளிப் போனது. கத்தினாலும் ஓடை இரைச்சலில் கேட்காது. அவளால் நடக்க முடியாது.

"நான் மேல ஏறிக் கூட்டிட்டு வந்துடறேங்க. பத்தே நிமிஷம். வந்துடறேன்."

வந்துடறேன். அந்தச் சொல் கரடியைவிடக் கருப்பாக அவள் முன்னால் எழுந்து நின்றது. "போகாதீங்க" என்றாள். கெஞ்சல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எல்லாரும் அப்படித்தான் லா சொல்லிட்டுப் போவாங்க."

அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் ஒரு கணம் யோசித்தான். துண்டை அவள் கையில் வைத்து மூடினான்.

"அடமானம். மீட்க வருவேன்."

போய்விட்டான். அவள் துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு இலை அசைவும் கரடியாக இருந்தது. கரடியைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. 'வர மாட்டான். பெர்மிட்டில் வந்தவன். வர மாட்டான்...' பத்து நிமிடமா, ஒரு மணி நேரமா, தெரியாது. புதர் சரசரத்தது. கனத்த காலடி. மூச்சிரைப்பு. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏங்க... நான்தாங்க. ரெண்டு கிலோ பேர்காரன்."

கண்ணைத் திறந்தாள். நெற்றி கிழிந்து ரத்தமும் மழையும் ஒன்றாக வழிய அவன் நின்றான். பின்னால் பீடின். லோகேஸ்வரி அப்போதுதான் அழுதாள்.

மாலையில், பீடின் வீட்டில் மூங்கிலைப் பிளந்து சுடச்சுடச் சோறு வைத்தார் அவர் மனைவி. தாமரை அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. முற்றத்துக் கோழி ஒன்று பக்தவத்சலத்தின் தட்டில் கொத்தியது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

கைப்பேசியில் லைன் வந்ததும் அவன் ஓடி வந்தான். "உங்க நம்பர் சொல்லுங்க, அஞ்சு வெள்ளி அனுப்பிடறேன்."

"அஞ்சு வெள்ளி அப்புறம்னுதானே பேசினோம்?" என்றாள் அவள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

அவன் புரிந்துகொள்ள ஒரு நொடி ஆனது. புரிந்தபோது அந்தக் குளத்தில் நிலா விழுந்தது. "அப்போ... வெள்ளிக்கு ஒரு வெள்ளியா குடுக்கட்டுங்களா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை மாலை, கிள்ளான் பெருமாள் கோயில் வாசல், பூக்கடை ஓரம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் பிடித்து வருவான். ஒரு வெள்ளித் தாளை நீட்டுவான். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கள்ள நோட்டு இல்லையே?" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அதைப் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும்.

இரண்டாவது வெள்ளி, தன் அப்பா மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர் என்று சொன்னான். "ஆபீஸ்ல சொன்னா சிரிப்பாங்கன்னு மறைச்சுட்டேங்க." அவள் சொன்னாள்: "எங்க கொட்டகை வாசனை போக நான் மூணு தடவை சோப்பு போடறேன், தெரியுமா?"

மூன்றாவது வெள்ளி, ஆட்டுத் தீவனம் ஏற்றிய லோரியில் அந்த வழியாக வந்த தம்புசாமி பார்த்துவிட்டார்.

வீட்டில் அவர் சத்தம் போடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "எந்த ஊரு பையன்?"

அவள் சொன்னாள். அடுப்படியில் அக்காவின் கரண்டி நின்றது.

"எத்தன வருஷ பெர்மிட்?"

"ரெண்டு."

"ரெண்டு வருஷத்துக்கு வாங்குற ஆட்டை நான் கொட்டகையில கட்ட மாட்டேன்மா." கையை உதறி எழுந்துவிட்டார். "ஒருத்தி வாசலப் பார்த்துட்டு நிக்கிறா. ரெண்டு பேரு நின்னா நான் வீட்டுக்குள்ள எப்படி வருவேன்?"

அவர் குரலில் இருந்ததும் பயம்தான்.

நாலாவது வெள்ளி, அவன் முகம் வெளிறி வந்தான். ஊரில் அப்பாவை மாடு முட்டிவிட்டதாம். தொடையெலும்பு முறிவு. "நாளைக்குக் கிளம்பறேங்க. அடுத்த வெள்ளிக்குள்ள வந்துடறேன்."

அவளுக்குள் ஏதோ கதவு சாத்திக்கொண்டது. நாள் கணக்கு மட்டும்தான் வேறு; சொல் அதேதான்.

"வேணாம். அந்தக் கடைசி வெள்ளியத் தள்ளுபடி பண்ணிட்டேன்" என்றாள். கைப்பையிலிருந்து துவைத்து மடித்த துண்டை எடுத்து நீட்டினாள். "இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

அவன் வாங்கவில்லை. "கடனைக் கட்டாம அடமானத்தை மீட்க முடியாதுங்க. உங்க அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க." ரயிலுக்கு ஓடினான். திரும்பிப் பார்த்தானா என்று அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பாள்.

ஐந்தாவது வெள்ளி.

வர வேண்டாம் என்றுதான் நினைத்தாள். புடவை மாற்றியது யார், கோயில் வாசலுக்கு நடந்தது யார் என்று தெரியவில்லை. ஒரு ரயில் வந்தது. அதில் அவன் இல்லை. இன்னொன்று வந்தது. இல்லை. வாரம் முழுக்க அவன் கைப்பேசிக்கும் லைன் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. பூக்காரம்மா பிளாஸ்டிக்கை இழுத்து மூடினார். மலையில் கரடி பத்தடியில் நின்றபோதுகூட அவள் இப்படி நடுங்கவில்லை. அப்போது பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தது...

'அக்கா முதல் நாள் இப்படித்தான் நின்றிருப்பாளோ? முந்நூறு வெள்ளியில் முதல் வெள்ளி இதுதானோ?'

லோரி வந்து நின்றது. தம்புசாமி இறங்கினார். அவள் முகத்தைப் பார்த்தார். "வாம்மா, போலாம்" என்றார், மிக மெதுவாக. பக்கத்தில் நின்றாரே தவிர, கையைப் பிடித்து இழுக்கவில்லை. இருவருமாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மழைத் திரைக்குள் ஓர் ஒல்லி உருவம் ஓடி வந்தது. தோளில் பயணப்பை, அதில் விமான நிலையத்தில் கட்டிய அடையாளச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தம்புசாமியைப் பார்த்ததும் பக்தவத்சலம் அப்படியே நின்றுவிட்டான். நனைந்த சட்டைப்பையிலிருந்து நனைந்த ஒரு வெள்ளித் தாளை எடுத்தான்.

"ஊர்லயே போன் தொலைஞ்சு போச்சுங்க... ரயில் வேற சுபாங்ல நின்னுடுச்சு..." மூச்சு வாங்கியது. "இன்னும் வெள்ளிக்கிழமைதானுங்களே?"

தம்புசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். ஆட்டைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"எழுந்து உக்கார்றாருங்க. தரகு பேச ஆரம்பிச்சுட்டாரு."

"தரகரா?" அவர் புருவம் ஏறியது. தன் தோளைத் தடவினார்; அவர் துண்டு லோரியில் கிடந்தது. மகளைப் பார்த்தார். "துண்டு இருக்கா?"

லோகேஸ்வரி கைப்பையைத் திறந்தாள். நீலக்கரைத் துண்டு வெளியே வந்தது. அது யாருடையது என்று தம்புசாமி கேட்கவில்லை. அவருக்கா தெரியாது?

துண்டு விரிந்தது. அதற்குள் இரண்டு கைகள் போயின. கோயில் மணி அடித்தது, மழை பெய்தது, ஒரு பேரம் நடந்தது. அவளுக்குத் தெரிந்தது இரண்டு முகங்கள் மட்டும். அப்பாவின் கண் இடுங்கியது. அவன் இமைக்காமல் அவரையே பார்த்தான். அப்பா தலையை ஆட்டினார், இல்லை என்று. துண்டு அசைந்தது. மறுபடி அசைந்தது. பிறகு அசையவே இல்லை. அப்பாவின் மீசை லேசாகத் துடித்தது.

அவர் கையை வெளியே எடுத்தார்.

"நான் கடையில காப்பி தப்பாவ் கட்டி வாங்கிட்டு வரேன். மூணு பாக்கெட்."

"அப்பா... முடிஞ்சுதா?"

"விலை பேசியாச்சு. உள்ளங்கைய அழுத்துறது என் வேலை இல்ல லா." மழைக்குள் இறங்கி நடந்தார்.

"என்ன கேட்டாரு?" என்றாள் அவனிடம்.

"ரெண்டு விரலைப் பிடிச்சாரு. ரெண்டு வருஷம்தானேன்னு. நான் முழுக்கையையும் அவர் கையில குடுத்துட்டேங்க. எத்தன வருஷம் வேணுமோ எண்ணிக்குங்கன்னு."

அவள் மழையைப் பார்த்தாள். பிறகு, ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டாள். "அன்னிக்கு... கரடிகிட்ட... நாலு நாலுன்னு பிடிச்சீங்களே. என்ன சரக்குக்கு?"

"ஒண்ணுமே இல்லீங்க. பயத்துல விரல் தானா போச்சு. நீங்க மூணுன்னதும்தான்..." அவன் சிரித்தான், கண் கலங்கியிருந்தது. "செத்துடுவோம்னு உக்காந்திருக்கேன், பக்கத்துல ஒரு பொண்ணு ஒண்ணு குறைச்சுக் கேக்குறா! அப்பவே தெரிஞ்சு போச்சுங்க. இவளை விட்டா ஆயுசுக்கும் நஷ்டம்னு. சரக்கு நான்தாங்க. மூணுன்னாலும் சரி, ஒண்ணும் இல்லைன்னாலும் சரி... உங்களை எனக்கு அவ்ளோ பிடிச்சிருக்கு."

துண்டு இன்னும் அவன் கைமேல் கிடந்தது. லோகேஸ்வரி தன் கையை அதற்குள் விட்டாள். அவன் விரல்களை எண்ணவில்லை. உள்ளங்கையைத் தேடி, கட்டைவிரலை அழுத்தினாள். அழுத்தியபடியே வைத்திருந்தாள்.

"எனக்கும்தான் லா" என்றாள். "ஆனா பயமா இருக்கு."

"எனக்கும்ங்க. பாதிக்குப் பாதி."

ஆக, அன்றைய கணக்கு இப்படி முடிந்தது. மலைக்குக் கட்டிய வெள்ளி ஐந்து, அவன் கொண்டுவந்த வெள்ளி ஐந்து, அது நேராகிவிட்டது. கடன் தீர்ந்த பிறகும் துண்டை மட்டும் அவள் திருப்பித் தரவில்லை. கேட்டால், "வர்ற வெள்ளி பார்க்கலாம்" என்கிறாள்.